பட்டாசாலையில் ஏழு கிலோமீட்டர்

எங்க தெருவுல சீனியம்மா மக வெயிலு தூரமானா, நெசமாவே தூரமாயிருவா.

மத்த வீட்டுப் பொம்பளைகளும் மாசாமாசம் தூரமாகுறவளுகதான், ஆனா அவளுகளுக்கு அது பேருக்குத் தூரம், ரெண்டு நாளு மூலையில சுருண்டு கெடந்துட்டு மூணாநாளு தலைக்குத் தண்ணிய ஊத்திக்கிட்டு அடுப்புக்கு வந்துருவாளுக. வெயிலுக்கு மட்டும் சொன்ன சொல்லு அப்படியே பலிச்சுப்போச்சு, வயித்தப் பிடிச்சுக்கிட்டு அவ பாயில சாஞ்ச நிமிசத்துல இருந்து அவுக வீட்டுப் பட்டாசாலை, அதான் வாசலத் தாண்டுனதும் வருமே அந்த முன்ரூமு, பத்தடிக்குப் பன்னெண்டடி, அது சப்பாத்தி மாவு கட்டைக்கு அடியில நீளுற மாதிரி நீண்டுக்கிட்டே போகும், வாசல்ல நிக்கிறவுக கண்ணுக்கு அவ கைப்பிள்ளை அளவுக்குத் தெரிவா, பெறகு பல்லி அளவுக்கு, பெறகு எறும்பு, பெறகு ஒண்ணுந் தெரியாது, முனகல் சத்தம் மட்டும் வரும், அதுவும் ரொம்ப நேரங்கழிச்சு வரும்.

வெளிய இருந்து பாத்தா அதே வீடுதான். ஓட்டுல ஒரு ஓடு கூடல, செவத்துல ஒரு கல்லு கூடல.

வயசுக்கு வந்த புதுசுல இது அரை பர்லாங்குதான். வெயிலோட அம்மா சீனியம்மா, எனக்குப் பக்கத்து வீடு, நான் சீனியக்கான்னு கூப்பிடுவேன், அது வாசல ஒட்டி இருக்குற அடுப்படி நிலையில நின்னுக்கிட்டு சோத்துத்தட்ட சிமிண்டுத் தரையில ஒரு தள்ளு தள்ளிவிடும், தட்டு வழுக்கிக்கிட்டே போயி அவ காலடியில நிக்கும். பெறகு பிள்ளைக்கு வருசத்துக்கு வருசம் ரத்தம் கூடுச்சு, வலி கூடுச்சு, மணிக்கொருக்கா துணி மாத்துனா, நகமெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துச்சு, எம்புட்டு ரத்தமோ அம்புட்டு நீளம்னு வீடும் இழுத்துக்கிட்டே போச்சு. இருபத்தாறு வயசுல மொத நாளு நாலு கிலோமீட்டர், ரெண்டாம் நாளு ஏழு, மூணாம் நாளு அஞ்சு, நாலாம் நாளு சாயங்காலம் படக்குன்னு சுருங்கி பழையபடி பன்னெண்டடி.

பயந்தீகளான்னு கேப்பீக. எங்க பயப்பட, பயப்படுறதுக்குள்ள புஷ்பராஜ் சார் ஷூவ மாட்டிக்கிட்டு வந்துட்டாரே. அவரு ரிட்டயர் ஆன டிரில் மாஸ்டரு, சுகரு முந்நூத்திப் பத்து, தெனம் ஒரு மணி நேரம் நடக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாக, எங்க ஓடைக்கரைப்பட்டிக்குள்ள நடக்குறதுன்னா நாலுவழிச்சாலையிலதான் நடக்கணும், அங்க லாரிக்காரன் மனுசன மனுசன்னா பாக்குறான்? அதனால மனுசன் ஒரு நாளு வாசல்ல நின்னு, மூக்கால பேசுவாரு பாருங்க, "சீனியம்மா, நீங்க தப்பா நினைக்கலைன்னா உங்க பட்டாசாலையில ஒரு எட்டு நடந்துட்டு வந்துர்றேன்"ன்னாரு. சீனியக்கா முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு, "போங்க சார், அதுல என்ன இருக்கு"ன்னுச்சு. மறுமாசம் அவரோட சேந்து பன்னெண்டு பேரு, அதுக்கு அடுத்த மாசம் தெருவுல இருந்த சுகரு பூராவும் அங்கிட்டுதான் நடந்துச்சு. வெயிலு சுடாது, மழை நனைக்காது, நாய் தொரத்தாது, மேல ஓடு இருக்கு பாருங்க.

கவுன்சிலரு வந்து பாத்துட்டு, கிலோமீட்டருக்கு ஒண்ணா மஞ்சக் கல்லு நட்டு விட்டாரு, "வெயிலு 6", "வெயிலு 5"ன்னு எழுதி. லாரி தொல்லை இல்லைன்னு கொமரிக எல்லாம் ஸ்கூட்டி பழக வந்தாளுக. நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? மூணாவது கிலோமீட்டர்ல ஒரு மண்ணெண்ணெய் அடுப்ப வச்சு இனிப்புப் பணியாரம் சுட்டேன். சுகருக்கு நடக்க வந்தவுக பூராவும் அங்கன உக்காந்து ஆளுக்கு அஞ்சு தின்னுட்டு, "தங்கத்தாயி, இன்னைக்குக் கூடக் கொஞ்சம் நடந்துருவோம்"னு நடப்பாக. தெருவுல ஒரு வீட்டுக்காரி இன்னொருத்தியப் பாத்து "வெயிலுக்குத் தேதி எப்ப?"ன்னு கேட்டா, அது அக்கறையில கேக்குறது இல்ல, ஷூவத் தொவைச்சுப் போடுறதுக்குக் கேக்குறது.

ஆனா ஒண்ணு. எல்லாரும் வாசல்ல இருந்து எண்ணுனா அஞ்சாவதா வர்ற கல்லத் தொட்டுட்டுத் திரும்பிருவோம். அதுக்கு அங்கிட்டு ஒரு பய போனதில்ல. அங்கிட்டுப் போனாத்தான் அவ கெடக்குற பாயி. தீட்டும்பாரு ஒருத்தரு, காத்து ஒரு மாதிரி அடிக்குதும்பாரு ஒருத்தரு, நான் எண்ணெய் காயுதேன்னு திரும்பிருவேன்.

இதுக்கு நடுவுலதான் வெயிலு மினிபஸ்ஸுல கண்டக்டராச் சேந்தா. ஊருக்குள்ள பொம்பளைக் கண்டக்டரு அவ ஒருத்திதான். தோல்பைய மாட்டிக்கிட்டு, பென்சில காதுல சொருகிக்கிட்டு, "படியில நிக்கிற மாப்பிள்ளை எல்லாம் உள்ள போங்க, பொண்ணு பாக்க வேற பஸ்ஸு வரும்"னு அவ ஒரு சத்தம் போட்டா பஸ்ஸே உள்ள தள்ளி உக்காரும். இருபத்தாறு நாளும் ராணி. மிச்ச நாலு நாளு லீவு. ஒரு மாசம் லீவு போட வெக்கப்பட்டுக்கிட்டு, இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்கு அவ பின்படியில ஏறுனதும் பஸ்ஸு உள்ளுக்குள்ள நீண்டுபோச்சு. அவ காளியம்மன் கோயில் ஸ்டாப்புல ஊதுன விசிலு டிரைவரு காதுக்குப் போய்ச் சேரும்போது பஸ்ஸு சாத்தூர் பக்கம் நிக்குது. கோயில்ல எறங்க வேண்டிய கெழவரு ஒருத்தரு எறங்குறதுக்காக நடந்து நடந்து, முன்படிக்கு வந்து சேந்தப்ப அவரு பேத்திக்குக் காதுகுத்தே முடிஞ்சுபோச்சுன்னு இன்னைக்கும் திட்டிக்கிட்டு இருக்காரு.

பஸ்ஸு மொதலாளி நல்லமணி கொரல் பித்தளைக் கொடத்துல கல்லப் போட்டு ஆட்டுன மாதிரி இருக்கும். "ஏத்தா, ஒன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அடுத்த மாசம் ஒரு நாளு தோல்பைக்கு ஆளு இல்லைன்னாலும், பைய வேற தோளுல மாட்டிருவேன். சொல்லிப்புட்டேன்."

அன்னைக்குத்தான் வெயிலு ஒரு முடிவுக்கு வந்தா. எந்திரிச்சு நின்னு, "யம்மா, ஆஸ்பத்திரிக்கு வா"ன்னா. தொணைக்கு நானும் போனேன்.

டாக்டரம்மா சின்னப் பொண்ணுதான், மூக்குல கண்ணாடி எறங்கி எறங்கி வருது. பேப்பரப் பாத்துக்கிட்டே, "தூரம் எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டுச்சு.

சீனியக்கா கையக் கட்டிக்கிட்டு, "மொத நாளு நாலு கிலோமீட்டரு டாக்டரம்மா. ரெண்டாம் நாளு ஏழு"ன்னுச்சு.

டாக்டரம்மா எழுதிக்கிருச்சு. "ஏழா? அது ரொம்ப ஜாஸ்தியாச்சே. ரெண்டடி மூணடின்னா பரவாயில்ல. எத்தனை வருசமா?"

"பத்து வருசமா."

"பத்து வருசமா என்ன பண்ணுனீங்க?"

சீனியக்கா என்னையப் பாத்துச்சு. நான் செவத்தப் பாத்தேன். பணியாரம் சுட்டோம்னா சொல்ல முடியும்?

ஸ்கேன் எடுத்தாக, ரத்தம் எடுத்தாக, எடுக்க அதுல என்ன இருந்துச்சோ, பன்னெண்டு இருக்க வேண்டிய எடத்துல ரத்தம் ஆறு பாயிண்டுதான்னாக. கட்டி கிட்டி ஒண்ணுமில்ல. பிரஷரு உண்டா, ஒத்தைத்தலைவலி உண்டா, குடும்பத்துல யாருக்கும் கால் நரம்புல ரத்தம் உறைஞ்சது உண்டான்னு ஒண்ணொண்ணாக் கேட்டுட்டு, இரும்புச்சத்து மாத்திரையும் எழுதி, அதுக்குக் கீழ இன்னொண்ணும் எழுதுச்சு. "இது ஹார்மோன் மாத்திரை. அடுத்த தடவை தூரமானதும் மொத நாளே ஆரம்பிக்கணும். இருபத்தொரு நாளு போட்டு ஏழு நாளு விடணும். மூணு மாசம் போனா உதிரமும் கொறையும், வலியும் கொறையும். ஆரம்பத்துல கொஞ்சம் கொமட்டும், நடுவுல லேசா உதிரம் படும், பயப்படாதீங்க. கடையில கேட்டா கருத்தடை மாத்திரைன்னு சொல்லுவாங்க, பேரு அதுதான்."

சீனியக்கா எந்திரிச்சுப் போயி கதவுக்குப் பின்னாடி யாரும் நிக்கிறாகளான்னு பாத்துட்டு வந்துச்சு. "டாக்டரம்மா, பிள்ளை இன்னும் கல்யாணமாகாதது. அந்த மாத்திரை... அதப் போட்டா நாளைக்கு வயித்துல ஒண்ணும் தங்காதே?"

"நிறுத்தினா பழையபடி ஆயிரும்மா. இப்ப அவ ஒடம்புல ரத்தமே தங்கல, அத மொதல்ல பாருங்க."

'அந்த மாத்திரை'ங்கிறதத் தவிர வேற பேரே சீனியக்கா வாயில வரல. வெயிலுதான் மருந்துக்கடையில சத்தமாக் கேட்டு வாங்குனா. கடைக்காரரு பேப்பர்ல சுத்தி, அதக் கறுப்புக் கவர்ல போட்டு, அத இன்னொரு கவர்ல போட்டு, நாட்டுவெடிகுண்டக் குடுக்குற மாதிரி குடுத்தாரு. நான் கூடப் போயிருந்தேன்ல, அதனால நாங்க பஸ்ஸ விட்டு எறங்குறதுக்கு முன்னாடியே விசயம் தெருவுக்கு வந்துருச்சு. அது எப்படின்னு என்னையக் கேக்காதீக.

தெரு கூடிருச்சு. புஷ்பராஜ் சாரு மூக்கால, "வெயிலு, உன் கஷ்டம் கஷ்டம்தான். ஆனா எனக்கு இப்பத்தான் நூத்தி நாப்பதுக்கு வந்துருக்கு. நீ பாட்டுக்கு ரெண்டடிக்குச் சுருக்கிட்டா நாங்க எங்க போறது?"ன்னாரு. "பாதியாக் கொறைக்க முடியுமான்னு டாக்டரக் கேளேன், மூணரை கிலோமீட்டரு போதும்"னு ஒருத்தி சொன்னா. கவுன்சிலரு கல்லுக்கு யாரு பதில் சொல்றதுன்னாரு. நானும் சொன்னேன், பொய் சொல்லக்கூடாது, "பொறுத்துக்கத்தா, ஒரு கல்யாணங்காச்சி ஆனா தன்னால சரியாயிரும்"னு நானுந்தான் சொன்னேன், கையில பணியாரக் கரண்டிய வச்சுக்கிட்டே சொன்னேன்.

அப்பத்தான் ராக்கம்மா வந்துச்சு. வெயிலோட செத்துப்போன அப்பாவுக்கு அக்கா, சீனியக்காவுக்கு மதினி, ஊருல பங்குனிப் பொங்கல்னா மொளைப்பாரிக்கு முன்னாடி நடக்குறது அதுதான். பேசுனா கொலவை போடுற மாதிரியே இருக்கும். "ஏ சீனி! கல்யாணமாகாத பிள்ளைக்குக் கருத்தடையா? நாளைக்கு எவன்டி வந்து பொண்ணு கேப்பான்? மானத்த மருந்துக்கடையில வித்துட்டு வந்துருக்கியே!" அப்படியே மூச்சு வாங்காம இடுப்புல இருந்து ஒரு அட்டைய எடுத்து நீட்டுச்சு. "இந்தா, வெயிலுக்கு இதக் குடு. பொங்கலுக்கு அவ அக்கினிச்சட்டி எடுக்கணும். தேதி சரியா அன்னைக்கு வருது. இதப் போட்டா பத்து நாளு தள்ளிப்போகும்."

வெயிலு அத வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. "இது என்ன அத்தை?"

"தள்ளிப்போடுற மாத்திரைடி. வருசாவருசம் நான் போடலையா? இந்தத் தெருவுல போடாதவ எவ?"

"இதுவும் ஹார்மோன்தான் அத்தை."

"வாயக் கழுவு. இது சாமிக்கு."

"சாமிக்குன்னா தள்ளிப்போடலாம். எனக்குன்னா கொறைக்கக் கூடாதா?"

கூட்டத்துல பொம்பளைக எல்லாரும் அவங்கவங்க கால் பெருவெரலப் பாத்துக்கிட்டு நின்னோம். ராக்கம்மா அவ கையில இருந்த அட்டையப் பிடுங்கி இடுப்புல சொருகிக்கிட்டு, "அது வேற, இது வேற"ன்னுச்சு. என்ன வேறன்னு கேக்குறதுக்குள்ள செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிருச்சு. ஆனா போகும்போது சீனியக்கா காதுல என்னமோ சொல்லிட்டுப் போச்சு. அன்னைக்குச் சாயங்காலமே சீனியக்கா மக மருந்துக்கடையில வாங்கி வச்ச அட்டைய எடுத்து, அடுப்படி மேத்தட்டுல உளுந்து டப்பாவுக்குள்ள, உளுந்துக்கு அடியில பொதைச்சு வச்சிருச்சு. தூக்கிப் போடவும் மனசில்ல, குடுக்கவும் தைரியமில்ல.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடியே, யாரையும் கேக்காம, வெயிலு தூரமாயிட்டா.

விடியக்காலம் அஞ்சரை மணி. ஆறே முக்காலுக்கு பஸ்ஸு. பட்டாசாலை வழக்கம்போல இழுத்துச்சு, ஆனா இந்தத் தடவை மொத நாளே ஏழு கிலோமீட்டரு. அவ தலைமாட்டுல தேடியிருக்கா, அட்டையக் காணோம். "யம்மா, மாத்திரை எங்க?"ன்னு கத்தியிருக்கா. சீனியக்கா அடுப்படியில நின்னுக்கிட்டு, "காப்பி வேணுமா?"ன்னு கத்துச்சு. அரைமணி கழிச்சு இங்க "மாத்திரை எங்க"ங்கிற சத்தம் வருது, அங்க "காப்பி வேணுமா" போய்ச் சேருது. "வேணாம், மாத்திரை!"ன்னு அவ. "எந்த மாத்திரை?"ன்னு இது. அடுத்த அரைமணிக்கு, "நீதானே எடுத்த!"ன்னு சத்தம் வருது, இது அதுக்குள்ள "வயித்துல வெந்நீ ஒத்தடம் குடு"ன்னு அனுப்பிருச்சு. செல்லுல கூப்பிட்டா அந்தப் பொம்பளை வேற, அதே வீட்டுக்குள்ள இருக்குற பிள்ளையப் போயி, "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்"ங்கிறா, இழுத்து இழுத்து, என்னமோ சந்தோசமான சேதி மாதிரி.

பஸ்ஸு வாசல்ல வந்து ஹாரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டுப் போயிருச்சு. "மொதலாளி நாளைக்கு ஒரு நாளு பாப்பாராம்"னு டிரைவரு சொல்லிட்டுப் போனாரு.

அதுக்கு மேலதான் வெயிலு எந்திரிச்சா. எறும்பு அளவுகூட இல்ல, ஒரு கடுகு நகர்றது தெரிஞ்சுச்சு. நடக்க வந்த சுகரு கூட்டம் பூராவும் அஞ்சாவது கல்லுக்கிட்ட நின்னுருச்சு, இதுவரைக்கும் அந்தப் பக்கத்துல இருந்து யாரும் நடந்து வந்து அவுக பாத்ததில்லயே. ரெண்டு எட்டு வைப்பா, குனிவா, வயித்தப் பிடிப்பா, பெறகு ரெண்டு எட்டு. புஷ்பராஜ் சாரு வாயில இருந்து என்ன வரும், "எடது பக்கமா நடம்மா, எடது பக்கமா"ன்னாரு, பெறகு அவருக்கே என்னமோ மாதிரி ஆயி, ஷூ கயித்தக் கட்டுற மாதிரி உக்காந்துட்டாரு. ஒரு கிலோமீட்டரு வந்துருப்பா. ஆறாவது கல்லத் தாண்ட முடியல. கல்லுல சாஞ்சு உக்காந்தவ அப்படியே சரிஞ்சுட்டா.

இத சீனியக்கா அடுப்படி நிலையில நின்னு பாத்துச்சு. கண்ணுக்குத் தெரிஞ்சுச்சோ, வயித்துக்குத் தெரிஞ்சுச்சோ. உள்ள போயி மேத்தட்டுல கைய விட்டு உளுந்து டப்பாவ எடுத்து இடுப்புல இடுக்கிக்கிட்டு எறங்கி நடந்துச்சு. பத்து வருசமா தட்டத் தள்ளிவிட்டே பழகுன பொம்பளை, மக தூரமான நாள்ல அந்தத் தரையில ஒரு எட்டு வைக்காத பொம்பளை, மொதக் கல்லத் தாண்டுச்சு, ரெண்டாவதத் தாண்டுச்சு, என் அடுப்பத் தாண்டும்போது "என்னக்கா, எங்க?"ன்னேன், திரும்பிக்கூடப் பாக்கல, நடக்க நடக்க டப்பாவுக்குள்ள உளுந்து சலசலன்னு ஆடுது. நான் அடுப்ப அமத்திட்டு தண்ணிக்கொடத்தத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடுனேன். அஞ்சாவது கல்லுல கூட்டம் ஒதுங்கி வழி விட்டுச்சு. அது நிக்கல. நானும் நிக்கல, இடுப்புல தண்ணி தளும்புது, நின்னா அத்தனையும் கொட்டிரும்.

அங்கிட்டுக் காத்து ஒரு மாதிரியும் அடிக்கல. சாதாரணக் காத்துதான்.

சீனியக்கா மகளத் தூக்கி மடியில சாத்திக்கிட்டு, டப்பாவக் கவுத்துருச்சு. தரையெல்லாம் உளுந்து. நடுவுல அந்த அட்டை. மொத மாத்திரையப் பிதுக்கி எடுக்கத் தெரியல, பல்லால கடிச்சு எடுத்துச்சு. நான் டம்ளரு கொண்டாரல, கொடத்தோடயே சாச்சோம். பிள்ளை முழுங்குனா.

சீனியக்கா நிமுந்து வந்த வழியப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. "ஏண்டி, இங்கேருந்து பாத்தா அடுப்படி தெரியவே மாட்டேங்குதே."

"தெரியாதும்மா."

"நான் நிக்கிறது?"

"அதுவும் தெரியாது."

சீனியக்கா மூக்கச் சிந்துச்சு. பெறகு மேல ஓட்டப் பாத்துச்சு, செவத்தப் பாத்துச்சு. "மாத்திரை போட்டாச்சே, ஏன் இன்னும் சுருங்கல?"

வெயிலுக்கு அந்த வலியிலயும் சிரிப்பு வந்துருச்சு. "மூணு மாசம் ஆகும்மா. அதுவரைக்கும் பை யாரு தோளுல இருக்கப்போகுதோ."

சீனியக்கா உளுந்த ஒண்ணொண்ணாப் பொறுக்கி டப்பாவுல போட்டுச்சு. நானும் பொறுக்குனேன். கொஞ்ச நேரத்துல பாத்தா புஷ்பராஜ் சாரு அஞ்சாவது கல்லத் தாண்டி வந்து, மூக்கக் கூட உறிஞ்சாம, எங்களோட குத்தவச்சுப் பொறுக்குறாரு.

மறுநாளு ஆறே முக்காலுக்கு பஸ்ஸு வந்துச்சு. வீட்டுக்குள்ள ஏழு கிலோமீட்டரு. வாசல்ல சீனியக்கா நிக்குது, மகளோட தோல்பைய மாட்டிக்கிட்டு, காதுல பென்சிலு, தலையில எண்ணெய் தடவி இறுக்கிக் கொண்டை. டிரைவரு, "யக்கா, நீங்களா?"ன்னாரு. "பைக்கு ஆளு வேணும்னுதானே ஒங்க மொதலாளி சொன்னாரு, எந்த ஆளுன்னு சொன்னாரா?"ன்னுட்டு ஏறிருச்சு. நானும் வேடிக்கை பாக்க ஏறுனேன், மாட்டேனா பின்னே?

பஸ்ஸுல நிக்க எடமில்ல. முன்சீட்டுல ராக்கம்மா, பொங்கலுக்குச் சாமான் வாங்கப் போகுது. "ஏ சீனி, இது என்னடி கோலம்? வெயிலு எங்க?"ன்னு கொலவை போட்டுச்சு. பஸ்ஸு பூராவும் திரும்பிப் பாத்துச்சு. சீனியக்கா பென்சிலக் காதுல இறுக்கிச் சொருகுச்சு, நேத்து வரைக்கும் கதவுக்குப் பின்னாடி ஆளப் பாத்த பொம்பளை. பெறகு ஒரு கையால கம்பியப் பிடிச்சுக்கிட்டு, கடைசி சீட்டு வரைக்கும் கேக்குற மாதிரி அடிவயித்துல இருந்து எடுத்துச்சு பாருங்க ஒரு கொரலு:

"எம்மக கருத்தடை மாத்திரை போடுறா மதினி! கருத்தடை! மூணு மாசத்துல சரியாயிரும், அதுவரைக்கும் நான்தான் வருவேன். இதுல யாருக்கும் சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுருங்க, இல்லைன்னா சில்லறைய எடுத்து வைங்க. யப்பா, படியில நிக்கிறவரே, ஒங்களத்தான், உள்ள வாங்க!"